கம்பளிக்குள் ஒரு பிளாஸ்டிக் பை

குளிர் ஊருக்குப் போகும் நம்மவர்கள் செய்யும் தப்பைத்தான் நானும் செய்தேன். காலுறைக்கு மேல் காலுறை!

டிசம்பரில் எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நடந்துகொண்டிருந்தோம். 4,900 மீட்டர் உயரத்தில் இருக்கும் லோபுச்சேயில் மாலை காலணியைக் கழற்றினால், இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறையும் ஈரம். விடியும்போது அட்டைபோல விறைத்திருந்தன. வேறு வழியின்றி அவற்றையே மாட்டிக்கொண்டு நடந்தேன். வலது காலின் சுண்டுவிரலைக் கிள்ளினாலும் தெரியவில்லை. அப்போதுதான் பயம் வந்தது.

எங்கள் ஷெர்ப்பா வழிகாட்டி உலர்ந்த காலுறைகளோடு இரண்டு ரொட்டிப் பைகளையும் நீட்டினார். முதலில் மெல்லிய காலுறை, அதன்மேல் பிளாஸ்டிக் பை, அதற்கும் மேல் கம்பளி. எனக்கு நம்பிக்கை இல்லை. மழைக்கோட்டு போட்டு மோட்டார் சைக்கிள் ஓட்டியவனுக்கு அந்தப் புழுக்கம் தெரியாதா?

ஆனால் கணக்கு வேறு. வியர்க்காவிட்டாலும் நம் தோல் ஈரத்தை விட்டுக்கொண்டேதான் இருக்கும். கம்பளிக்குள் தங்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. ஈரம் அங்கே போய்ச் சேர்ந்தால் குளிர்ந்து தண்ணீராகும், உறைந்தும் போகும். நடுவில் பை இருந்தால் ஈரம் தோலோடு நின்றுவிடும். கம்பளி உலர்ந்தே இருக்கும். அன்று என் கால் பிசுபிசுத்தது, ஆனால் விரல் திரும்பி வந்தது.

இதையே காலுறையாக, சட்டையாக, தூக்கப்பையின் உள்ளுறையாகத் தைத்து விற்கிறார்கள். 'ஆவித் தடுப்பு ஆடை' என்று சொல்லலாம். உறைநிலைக்கு நன்றாகக் கீழே போகும் குளிருக்கு மட்டுமே இது சரி. கேமரன் மலைக்குப் போட்டுக்கொண்டு போனால் வெந்துவிடுவீர்கள். ஏற்றத்தில் உடம்பு சூடேறினால் வெளிச்சட்டையை முதலில் கழற்றுங்கள்; வழிய வழிய வியர்க்க விடாதீர்கள். இரவில் பையை எடுத்துவிட்டு, காலைத் துடைத்து, உலர்ந்த காலுறை போடவேண்டும். நாள் கணக்கில் ஊறினால் தோல் வெளுத்துப் புண்ணாகும்.

வீடு திரும்பியதும் உட்புறத்தை வெளியே திருப்பி, மென்மையான சோப்பில் கையால் அலசி, நிழலில் காயவையுங்கள். உலர்த்தும் இயந்திரத்தில் போட்டால் பூச்சு உரியும். மடிப்பு விழுந்த இடத்தில் வெடிக்கும் என்பதால் நான் சுருட்டித்தான் வைக்கிறேன். உறைக்குள் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் ஓட்டை தெரிந்துவிடும்.

அடுத்த மாதம் அக்காள் மகன் அதே பாதையில் போகிறான். எட்டு ஜோடிக் கம்பளிக் காலுறை வாங்கியிருக்கிறான். அவன் பையில் இரண்டு ரொட்டிப் பைகளைச் செருகினேன். "மாமா, சாப்பாடு கட்டிக்கொண்டு போகவா?" என்று சிரிக்கிறான்.

லோபுச்சே வரட்டும்.