மாடியில் 24 மீன்தொட்டிகள் வைக்கலாமா?

கேள்வி: “பொன்னேரி பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். இரண்டு கறவை மாடுகள் உண்டு. வீட்டிலேயே வண்ணமீன் வளர்த்து விற்கலாம் என்று ஆசை. தெரிந்தவர் ஒருவர் மீன் கடையை மூடுகிறார். 2 அடித் தொட்டி 18, 3 அடித் தொட்டி 6, இரும்பு ஸ்டாண்டோடு மொத்தமாக 40,000 ரூபாய் கேட்கிறார். புதிதாக வாங்கினால் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும் என்கிறார்கள். மகளிர் குழுவில் 50,000 ரூபாய் கடன் கிடைத்திருக்கிறது. மாடியில் 10-க்கு 12 அடியில் ஓர் அறை காலியாக இருக்கிறது. வாங்கலாமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்கிறார்.”

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவள்ளூர் மாவட்டம்.

பதில்: சகோதரி, இதழ் அச்சாகி வரும்வரை கடைக்காரர் காத்திருக்க மாட்டார் என்பதால் உங்களுக்குப் போனிலேயே சொல்லிவிட்டேன். மாடியில் வேண்டாம், மொத்தமாகவும் வேண்டாம். இதே மாதிரி கேட்டு இன்னும் இரண்டு மூன்று கடிதங்கள் வந்திருப்பதால் காரணத்தை விரிவாக இங்கே எழுதுகிறேன். நான் வேளாண்மை படித்தவன். மீனைப் பற்றிய விஷயங்களை மீன்வளத் துறை நண்பர் ஒருவரிடம் கேட்டுச் சரிபார்த்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் எடைக் கணக்கு. ஒரு கன அடி தண்ணீர் 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். லிட்டருக்கு ஒரு கிலோ. 2 அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் விளிம்புக்குக் கீழே நிறுத்தினால் 50 லிட்டர் பிடிக்கும். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 170 லிட்டர். உங்கள் 24 தொட்டிகளிலும் சேர்ந்து 1,920 லிட்டர் வருகிறது. கண்ணாடி 350 கிலோவுக்கு மேல் இருக்கும். ஸ்டாண்டையும் சேர்த்தால் இரண்டரை டன்.

வீட்டு அறையின் தளத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற கணக்கில்தான் நம் நாட்டுக் கட்டட விதி சுமை வைத்திருக்கிறது. உங்கள் அறை சுமார் 11 சதுர மீட்டர். அறை முழுவதும் பரவலாக வைத்தாலே 2,200 கிலோதான் கணக்கு. நீங்களோ நடக்க வழிவிட்டு, மூன்றடுக்கு ஸ்டாண்டில் சுவரோரமாக இரண்டரை டன்னை ஏற்றப்போகிறீர்கள். உடனே இடிந்து விழும் என்று பயமுறுத்தவில்லை. தாங்கும் என்று சொல்ல வேண்டியவர் தளத்தைப் பார்த்த பொறியாளர். கடைக்காரரோ, கொத்தனாரோ, நானோ இல்லை. கீழே குழந்தைகள் படுக்கும் அறை என்று போனில் சொன்னீர்கள். அதைக் கேட்ட பிறகு எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை. மாடியில் அழகுக்காக ஒரு தொட்டி வைப்பது வேறு விஷயம். அதற்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை.

எடையை விட்டாலும் சூடு இருக்கிறது. அந்த அறைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றீர்கள். சித்திரை வெயிலில் 50 லிட்டர் தண்ணீர் மதியத்துக்குள் சுட்டுவிடும். தண்ணீர் சூடேற ஏற அதில் கரைந்திருக்கும் காற்று குறையும். மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும்.

அடுத்து விலை. பழைய தொட்டி வாங்குகிறவர்கள் ‘ஒரு தொட்டி எவ்வளவு’ என்றுதான் கேட்கிறார்கள். லிட்டருக்கு எவ்வளவு என்று கேட்க வேண்டும். 40,000-ஐ 1,920-ஆல் வகுத்தால் லிட்டருக்கு 21 ரூபாய் வருகிறது. ஊர்க் கடையில் 1,000 லிட்டர் கறுப்பு சின்டெக்ஸ் விலையைக் கேட்டு 1,000-ஆல் வகுத்துப் பாருங்கள். புதியதே 10 ரூபாய்க்குள் அடங்கும். மாடு வைத்திருக்கும் உங்களுக்கு அசோலா தொட்டி தெரியாமல் இருக்காது. அதே மாதிரி செங்கல் அடுக்கி, சில்பாலின் விரித்து, 6-க்கு 4 அடியில் ஒரு தொட்டி கட்டி ஓரடி தண்ணீர் நிறுத்தினால் 680 லிட்டர். 2 அடிக் கண்ணாடித் தொட்டி பதின்மூன்றில் பிடிக்கும் தண்ணீர் அது ஒன்றிலேயே நிற்கும். செலவு எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

கண்ணாடி எதற்கு வேண்டும்? பார்க்க வேண்டிய இடத்துக்கு மட்டும். ஏஞ்சல், கௌராமி, ஃபைட்டர் மாதிரி முட்டையிடும் மீன்களை ஜோடி சேர்த்து, முட்டை வைத்ததா, குஞ்சு நீந்துகிறதா என்று கவனிக்கக் கண்ணாடி வேண்டும். புதிதாக வாங்கிய மீனைத் தனியே வைத்து நோய் பார்க்கவும் வேண்டும். வாங்க வருகிறவர்களுக்குக் காட்டவும் வேண்டும். குஞ்சு பெருகி வளர்வதற்குக் கண்ணாடி தேவையே இல்லை. நீங்கள் கப்பி, மோலி, பிளாட்டியில் ஆரம்பிப்பதாகச் சொன்னீர்கள். அவை குட்டி போடும் இனம். சிமென்ட் தொட்டியிலும் தார்ப்பாய்த் தொட்டியிலும் நன்றாகவே பெருகும். மேலே நிழல்வலை கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் மீன்கொத்திக்குத்தான் நீங்கள் பண்ணை நடத்துவீர்கள்.

எனவே 2 அடித் தொட்டி எட்டு மட்டும் எடுத்து, மாட்டுக்கொட்டகையை ஒட்டிய தாழ்வாரத்தில் தரையோடு வையுங்கள், மீதியைத் தார்ப்பாய்த் தொட்டியாகப் போடுங்கள் என்றேன். கடனில் 40,000 தொட்டிக்கே போய்விட்டால், மிச்சம் 10,000-த்தில் ஏர் பம்ப், ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒயரிங், தாய் மீன், தீவனம், வண்டி வாடகை எல்லாம் முடியாது. குழுத் தவணையோ முதல் குட்டி விற்கும் முன்பே வந்து நிற்கும்.

கடைக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? மொத்தமாகத்தான் தருவேன் என்றாராம். சரி, விட்டுவிட்டு வாருங்கள் என்றேன். மனசு கேட்கவில்லை என்று அவர் குரலிலேயே தெரிந்தது. ஆனால் பழைய மீன்தொட்டி கிடைக்காத பொருள் இல்லை.

ஆசைப்பட்டு வாங்கி ஆறே மாதத்தில் சலித்துப்போனவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தொட்டி இடத்தை அடைக்கும் சாமான், போனால் போதும் என்றிருப்பார்கள். அதிகம் கிடைக்கும் காலம் சித்திரை முதல் ஆனி வரை. பரீட்சை முடிந்து, மாறுதல் உத்தரவு வந்து, ஆடி பிறப்பதற்குள் வீடு மாற்றுகிறவர்கள் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. நகரத்தில் அடுக்குமாடிக் காவலாளியிடம் சொல்லி வையுங்கள். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்குப் பல்லாவரம் வெள்ளிச் சந்தை இருக்கிறது. கொளத்தூர், ரெட்டேரி பக்கத்து மீன் கடைகளில் பெரிய தொட்டிக்கு மாறுகிறவர்கள் கொடுத்துவிட்டுப் போன சின்னத் தொட்டிகள் மூலையில் கிடக்கும், வாய்விட்டுக் கேட்க வேண்டும். உங்கள் ஊர்க் காயலான் கடையையும் விடாதீர்கள். இரும்பு ஸ்டாண்டை அங்கே எடை போட்டே வாங்கலாம். என் கணக்கு இதுதான்: புதியதன் விலையில் பாதிக்கு மேல் கொடுக்கக் கூடாது. மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைத்தால் நல்ல பேரம்.

பார்த்து வாங்குவதில்தான் விஷயம் இருக்கிறது. முடிந்தால் தொட்டியில் தண்ணீர் இருக்கும்போதே போய்ப் பாருங்கள். காலியாக, அதுவும் வெயிலில் மாதக்கணக்கில் கிடந்த தொட்டி என்றால் சந்தேகப்படுங்கள். நான்கு மூலைச் சிலிக்கானையும் நகத்தால் லேசாகத் தள்ளிப் பாருங்கள். உரிந்து வந்தாலோ, உள்ளே காற்றுக்குமிழி தெரிந்தாலோ, கண்ணாடிக்கும் சிலிக்கானுக்கும் நடுவே பச்சைப் பாசி புகுந்திருந்தாலோ, அது ஒழுகக் காத்திருக்கும் தொட்டி. கண்ணாடி விளிம்பில் ஸ்கேல் வைத்துத் தடிமன் பாருங்கள். ஓரடி உயரத் தொட்டிக்கு 5 மி.மீ. போதும். ஒன்றரை அடி உயரத்துக்கு 8 மி.மீ. இருந்தால் நிம்மதி, 5 மி.மீ. இருந்தால் தொடவே வேண்டாம். உள்பக்கக் கீறல்களைக் கண்டு பயப்படாதீர்கள். மீனுக்கு அதனால் ஒன்றுமில்லை, உங்களுக்குப் பேரம் பேச உதவும். ஆனால் மூலையில் சிறு உடைசலோ, முடி அளவு விரிசலோ இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கூடவே வரும் பழைய ஒயர், சுவிட்ச் போர்டு, ஹீட்டர் எதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு, நனைந்த கையோடு வேலை செய்யும் இடம் அது. புது ஒயர் இழுத்து, மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கர் ஒன்றைப் போட்டுவிட்டுத்தான் முதல் தொட்டியில் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

ஏற்றி வரக் குட்டியானை போதும். தொட்டிக்குள் கல், மணல் எதுவும் இருக்கக் கூடாது. மேல் விளிம்பைப் பிடிக்காமல் அடியில் கை கொடுத்துத் தூக்க வேண்டும். நடுநடுவே வைக்கோல் திணியுங்கள். அது உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

கொண்டு வந்ததும் மீன் விடாதீர்கள். மட்டமான தரையில் தெர்மாகோல் விரித்து, மேலே செய்தித்தாள் போட்டு, தொட்டியை வைத்துத் தண்ணீர் நிரப்பி மூன்று நாள் விட்டுவிடுங்கள். செய்தித்தாள் நனைந்தால் ஒழுகல். மட்டத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது, கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்குங்கள். இதை நான் பாடமாகப் படித்தது என் வீட்டில்தான். பல வருடங்களுக்கு முன் பிள்ளைகளுக்காக ஒரு பழைய 3 அடித் தொட்டி வாங்கி, ஒரு கால் குட்டையான மேசையில், காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்து நிறுத்தினேன். இரண்டாம் நாள் இரவு ஒரு மணிக்கு ‘டப்’ என்று ஒரு சத்தம். கூடம் முழுக்கத் தண்ணீர். மறுநாள் விவசாயிகளுக்குக் கொடுக்க வைத்திருந்த மண் பரிசோதனை அட்டைகள் எல்லாம் மிதந்தன. வீட்டில் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

ஒழுகவில்லை என்று தெரிந்த பிறகு கிருமி நீக்கம். முன்பு இருந்த மீனுக்கு என்ன நோய் என்று விற்பவர் சொல்ல மாட்டார். 10 லிட்டர் தண்ணீருக்கு 7 கிராம் பிளீச்சிங் பவுடர் என்ற அளவில் கலந்து நிரப்பி ஒரு மணி நேரம் விட்டு, ஊற்றிவிட்டு, நாலைந்து முறை அலசி இரண்டு நாள் காயவிடுங்கள். வெள்ளையாகப் படிந்திருக்கும் உப்புக்கறைக்கு வினிகர் அல்லது எலுமிச்சை. ஒரு எச்சரிக்கை: பிளீச்சிங் பவுடரையும் வினிகரையும் ஒன்றாகச் சேர்க்கவே கூடாது, மூச்சை அடைக்கும் வாயு கிளம்பும். கறையை ஒரு நாள் எடுத்து நன்றாக அலசிவிட்டு, பிளீச்சிங்கை வேறு நாள் செய்யுங்கள். சோப்புத்தூள் வேண்டாம். கையில் புண், கீறல் இருந்தால் உறை போட்டுக்கொள்ளுங்கள். மீன்தொட்டித் தண்ணீரிலிருந்து மனிதத் தோலில் தொற்றி மாதக்கணக்கில் ஆறாமல் நிற்கும் ஒரு கிருமி உண்டு.

மானியம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பிரதம மந்திரி மத்ஸ்ய சம்படா திட்டத்தில் கொல்லைப்புற வண்ணமீன் வளர்ப்புக்கு 3 லட்ச ரூபாய் என்று அலகு மதிப்பு வைத்து, பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் என்று அறிவித்தார்கள். உங்கள் மாவட்டத்தில் இப்போது நிதி இருக்கிறதா என்பதை மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். கேட்கும் முன்பே சாமான் வாங்கிவிடாதீர்கள். ரசீது இல்லாத பழைய தொட்டியை மானியக் கணக்கில் காட்டுவது கஷ்டம். மாதவரத்தில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் வளாகம் உங்களுக்குப் பக்கம்தான், பயிற்சி எப்போது என்றும் விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: “பழைய தொட்டி ஒன்று மூலையில் சொட்டுகிறது. ஒழுகும் இடத்தில் மட்டும் சிலிக்கான் வைத்தேன், நிற்கவில்லை. என்ன செய்வது?”

- வாசகர், நாமக்கல்.

பதில்: நிற்காது. காய்ந்த பழைய சிலிக்கான் மேல் புதிய சிலிக்கான் ஒட்டாது. உள்பக்கப் பூச்சை நான்கு மூலையிலும் அடியிலும் பிளேடால் முழுவதும் சுரண்டி எடுத்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, ஒரே மூச்சில் புதிதாகப் போட வேண்டும். இரண்டு கண்ணாடிக்கும் நடுவே இருக்கும் ஒட்டில் கை வைக்காதீர்கள். அதுவே விட்டிருந்தால் தொட்டியைப் பிரித்துத்தான் ஒட்ட வேண்டும், கண்ணாடிக் கடைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். கடையில் ‘மீன்தொட்டிக்கு’ என்று சொல்லி வாங்குங்கள். குளியலறைக்கு விற்கும், பூஞ்சை பிடிக்காத சிலிக்கானில் மருந்து கலந்திருக்கும், அது மீனைக் கொல்லும். பூசிய பிறகு ஒரு வாரம் காயட்டும். வினிகர் வாடை சுத்தமாகப் போகும்வரை தண்ணீர் ஊற்றாதீர்கள்.