விமானத்துக்கு வயசாகிவிட்டால்...

சூலூர்ப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு மத்தியானத் தூக்கம் விமானப் படையின் தயவில் கிடைப்பது. சென்ற வாரம் தலைக்கு மேலே 'தேஜஸ்' ஒன்று இடிமாதிரி போயிற்று. மாடியில் வடகம் பரப்பிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஆத்தா கேட்டார்: "ஏனுங்க தம்பி, இந்த ஏரோப்பிளேனெல்லாம் எத்தனை வருஷத்துக்கு ஓடுமுங்க? நம்ம கிரைண்டரே பதினஞ்சு வருஷமா ஆடுதுங்களே!"

சண்டை விமானத்துக்கு வருஷக் கணக்குப் போதாது. ஒரு சேப்டி பின்னை இப்படியும் அப்படியும் வளைத்துப் பாருங்கள். முதல் தடவை ஒன்றும் ஆகாது. பத்தாவது தடவையோ இருபதாவது தடவையோ பட்டென்று ஒடிந்துவிடும். நீங்கள் அதிக பலம் போடவில்லை. பின்தான் களைத்துப் போயிற்று! இறக்கையும் அப்படியே. விமானம் சட்டென்று திரும்பும்போது, விமான எடையைப்போல் ஏழெட்டு மடங்கு பாரத்தை அது தாங்குகிறது. ஆணித் துளையின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல் பிறந்து, மயிரிழை மயிரிழையாக வளர்கிறது.

1954ல்தான் இது உலகத்துக்கு உறைத்தது. இங்கிலாந்தின் புது ஜெட் விமானமான 'காமெட்'டில் இரண்டு, இத்தாலிக்கு அருகே நடுவானில் சிதறிக் கடலில் விழுந்தன. நிபுணர்கள் இன்னொரு காமெட்டைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, உள்ளே அழுத்தத்தை ஏற்றி ஏற்றி இறக்கினார்கள். நிஜமாகப் பறந்ததையும் சேர்த்து 3,057 பிரயாணக் கணக்கு ஆனபோது ஜன்னல் மூலையருகே உடல் கிழிந்துவிட்டது.

ஆகவே ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு ஜாதகம் உண்டு. பறந்த மணி, தரையிறங்கிய தடவை எல்லாம் அதில் ஏறும். குறித்த மணி ஆனதும் பிரித்துப் போட்டு, எக்ஸ்ரே எடுத்து, சாயம் தடவிக் கீறலைத் தேடுகிறார்கள். இல்லையென்றால் ஆயுளை நீட்டலாம். இங்கேதான் சங்கடம்!

'மிக்-21' நம் படைக்கு வந்தது 1963ல். தேஜஸ் திட்டம் 1983ல் துவங்கியும், முதல் படைப் பிரிவு அமைய 2016 ஆயிற்று. மருமகள் வரும்வரை மாமியாரே அடுப்படியைப் பார்த்துக்கொள்வதுபோல், மிக்-21ன் ஆயுளை நீட்டிக்கொண்டே போனார்கள். ரேடாரை மாற்றி 'பைசன்' என்று பெயரும் சூட்டினார்கள். விபத்துகள் ஏராளம். எல்லாவற்றுக்கும் உலோகக் களைப்பே காரணம் என்பது தவறு. எஞ்சின் கோளாறு, பறவை, கைத்தவறு எல்லாம் உண்டு. ஆனால் பெற்றவளுக்கு எந்தக் காரணம் சொல்லி என்ன? 2001ல் ராஜஸ்தானில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய், விமானிகளின் பாதுகாப்புக்காகப் பல வருஷம் போராடினார்.

2025 செப்டம்பர் 26ந் தேதி சண்டீகரில் மிக்-21க்கு விடை கொடுத்தார்கள். முன்பு அதை ஓட்டிய 45வது படைப் பிரிவுதான் 2018ல் தேஜஸோடு சூலூருக்கு வந்தது.

ஆத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையில நாலு போச்சுங்க தம்பி. மூணுதானுங்க திரும்பியிருக்குது. இன்னொண்ணும் வந்துரட்டும், கீழே போலாமுங்க" என்றார்.