கனிந்த பழம், புதிய பண்டம்

வெள்ளி, செவ்வாய்க் கிழமைகளில் ஆலயம் சென்று வரும் இல்லங்களில் வாழைப்பழத்துக்குக் குறைவே இராது. அர்ச்சனைத் தட்டில் திரும்பி வருவன சில. தாம்பூலத்துடன் உறவினர் தருவன சில. மூன்றாம் நாள் அவற்றின் தோல் கறுக்கத் தொடங்கும். பேரப்பிள்ளைகள் அவற்றைத் தொடமாட்டார்கள். சுவாமிக்கு நிவேதனம் செய்த பழத்தை எறியவும் மனம் வராது. முடிவில் வீட்டின் மூத்தவர்களே, அதிலும் பெரும்பாலும் பாட்டிமார்களே, ஒன்றன்பின் ஒன்றாக அவற்றை உண்டு தீர்க்கின்றனர். நீரிழிவு உள்ளவர்களும் இதற்கு விலக்கல்லர். பண்டம் வீணாகக் கூடாது என்னும் நல்லெண்ணம், அவர்களுடைய இரத்தச் சர்க்கரையில் போய் வரவாகிறது.

இதற்கு ஒரு நல்ல வழி, இக்காலக் குழந்தைகள் விரும்பும் மஃபின் என்னும் சிறு கேக். மூன்று பழங்களை ஒருவரே உண்பதற்குப் பதிலாகப் பன்னிரண்டு பங்காக்கி, வீடு முழுவதும் உண்ணலாம். கடையில் கிடைக்கும் மஃபின்களில் பெரும்பாலும் மைதாவும் சர்க்கரையும் மிகுந்திருக்கும். பலவற்றில் முட்டையும் உண்டு. முட்டை உண்ணாத பெரியவர்கள் பேரனின் பிறந்தநாளன்று அவன் நீட்டும் துண்டை வாங்க இயலாமல் கை குவித்து நிற்பதை எத்தனையோ வீடுகளில் காண்கிறோம். வீட்டில் செய்தால் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை.

தேவையானவை (12 மஃபின்களுக்கு): தோலுரித்த கனிந்த வாழைப்பழம் 300 கிராம் (மோரிஸ் எனில் மூன்று, பூவன் எனில் ஐந்தாறு), கோதுமை மாவு 180 கிராம், இனிப்புச் சேராத கோகோ தூள் 25 கிராம், நாட்டுச் சர்க்கரை 75 கிராம், புளிக்காத தயிர் அரை கப், வாசனையற்ற சமையல் எண்ணெய் கால் கப், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, சமையல் சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, ஏலக்காய்ப் பொடி சிறிது. விருப்பமிருந்தால் பொடியாக நறுக்கிய வாதுமை அல்லது அக்ரூட் ஒரு பிடி.

கோகோ தூள் வாங்கும்போது உறையைப் படித்துப் பார்க்க வேண்டும். பாலில் கலந்து பருகும் சாக்லேட் பொடிகளில் சர்க்கரையே மிகுதி; அவை இதற்கு ஆகா.

செய்முறை: மாவு, கோகோ, பேக்கிங் பவுடர், சோடா, உப்பு, ஏலப்பொடி ஆகியவற்றைச் சேர்த்து இருமுறை சலித்துக் கொள்ளவும். மற்றொரு பாத்திரத்தில் பழத்தை நன்கு மசித்து, நாட்டுச் சர்க்கரை, தயிர், எண்ணெய் சேர்த்துக் கலக்கவும். இதில் மாவைக் கொட்டி, வெள்ளை தெரியாத அளவுக்கு மட்டும் கிளறவும். சப்பாத்திக்குப் பிசைவதுபோல் அழுத்திக் கலக்கினால் கோதுமையின் பசைத்தன்மை மிகுந்து, மஃபின் ரப்பர் போலாகிவிடும். இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டியாக இருப்பதே பதம். மிகவும் இறுகினால் இரண்டு மேசைக்கரண்டி பால் விடலாம்.

கலவையை எண்ணெய் தடவிய சிறு கிண்ணங்களில் முக்கால் அளவு நிரப்பி, முன்னரே 180 டிகிரி செல்சியஸில் சூடேற்றிய ஓவனில் 20 முதல் 22 நிமிடம் வைக்கவும். நடுவில் குத்திய குச்சி ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது எனக் கொள்ளலாம். கலந்த மாவை நெடுநேரம் காத்திருக்க வைக்கலாகாது. தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்ததுமே வாயு எழத் தொடங்கிவிடும். அந்த வாயுவே முட்டையின்றியும் மஃபினை உப்பச் செய்கிறது.

ஓவன் இல்லாத வீட்டினர் அடிகனமான வாணலியில் ஓர் அங்குல உயரம் உப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு ஸ்டாண்டு வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடாக்கவும். பிறகு சிறிய எவர்சில்வர் கிண்ணங்களை அதில் வைத்து மூடி, மிதமான தீயில் 30 முதல் 35 நிமிடம் வேகவிடலாம். கிண்ணங்களை இறக்கும் பொறுப்பை இளையவர்களிடம் விட்டுவிடுவது நலம்.

இனி, கணக்கு. வங்கியில் பணியாற்றியவனுக்கு ஐந்தொகை பாராமல் ஏட்டை மூட மனம் வராது. இம்முறையில் செய்த ஒரு மஃபினில் மாவுச்சத்தும் சர்க்கரையுமாக ஏறத்தாழ 24 கிராம் உண்டு. தோலுரித்த 100 கிராம் வாழைப்பழத்தில் இருப்பது ஏறத்தாழ 23 கிராம். ஆகவே ஒரு மஃபின், ஒரு சிறு வாழைப்பழத்துக்குச் சமம் எனக் கொள்ளலாம். ஒன்று உண்டால் கணக்கு நேராகும். மூன்று உண்டால் பழைய கடனே வேறு பெயரில் திரும்பி வந்ததாகும்.

‘வெல்லந்தானே, கோதுமைதானே’ என்று தாராளமாக உண்பதும் தகாது. நாட்டுச் சர்க்கரையும் உடலுக்குள் சென்றபின் சர்க்கரையே. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இவ்வாறு சேர்க்கப்படும் சர்க்கரை நாளொன்றின் கலோரித் தேவையில் பத்து விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்றும், ஐந்து விழுக்காட்டுக்குள், அதாவது ஏறத்தாழ 25 கிராமுக்குள், இருந்தால் மேலும் நன்று என்றும் கூறியுள்ளது. நம் மஃபின் ஒன்றில் சேர்த்த நாட்டுச் சர்க்கரை ஆறு கிராமுக்குச் சற்றே மேல். காப்பிக்குப் போடும் சர்க்கரையையும் இத்துடன் கூட்டிப் பார்க்க வேண்டும். பழம் நன்கு கனிந்திருந்தால் நாட்டுச் சர்க்கரையை 50 கிராமாகவும் குறைக்கலாம். பழம் கனியக் கனிய அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதால் தித்திப்பு குறையாது.

நீரிழிவு உள்ளவர்கள் இதனை மாலைச் சிற்றுண்டிக்கு மாற்றாக உண்ணலாமேயன்றி, சிற்றுண்டிக்கு மேல் உண்ணலாகாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும். வாழைப்பழத்திலும் கோகோவிலும் பொட்டாசியம் மிகுதி. கோகோவில் சிறிதளவு காபினும் இருப்பதால், உறக்கம் குறைந்தவர்கள் இரவில் தவிர்ப்பது நல்லது.

இனிப்புக் குறைந்த இப்பண்டம் வெளியில் ஒரு நாளுக்கு மேல் தாங்காது. குளிர்பதனப் பெட்டியில் மூன்று நான்கு நாள் இருக்கும். ஆயினும் பன்னிரண்டையும் வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று, தனியே வசிக்கும் அண்டை வீட்டு முதியவருக்கு ஒன்று, வேலைக்கு வரும் அம்மாளின் குழந்தைக்கு ஒன்று என்று பகிர்ந்தளித்தால், பழமும் வீணாகாது. நம் உடலும் கெடாது. நிவேதனப் பழம் பலர் கைக்கும் போய்ச் சேர்வதுதானே முறை?