எடைக்கருவி காட்டாத ஆபத்து

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏலக்காய்த் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு அதிகாலையிலேயே ஜீப்புகள் கேரள எல்லையை நோக்கிப் புறப்படுகின்றன. மாலையில் அதே வளைவுகளில் இறங்குகின்றன. மலைச்சாலைப் பாதுகாப்பு என்றதும் வேகம், மது, மூடுபனி, அளவுக்கு மீறி ஆள் ஏற்றுதல் ஆகியவற்றைப் பேசுகிறோம். ஓட்டுநர் முந்தைய இரவு எப்படி உறங்கினார் என்று கேட்பதில்லை.

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுவதே 'ஸ்லீப் ஆப்னியா' எனப்படும் உறக்க மூச்சுத்தடை. ஒவ்வொரு தடையும் 10 விநாடிகளுக்குக் குறையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைய, மூளை உடலை உலுக்கி எழுப்புகிறது. பாதிப்பு கடுமையானால் இது மணிக்கு 30 முறைக்கு மேல் நிகழும். எட்டு மணி நேரம் படுத்து எழுந்தவருக்கும் பகலில் கண் சொருகுவது இதனால்தான். வேலை செய்யும் வயதிலுள்ள இந்தியர்களில் சுமார் 10.4 கோடிப் பேருக்கு இக்கோளாறு இருக்கலாம் என்று எய்ம்ஸ் மருத்துவர்களின் 2023 ஆய்வு மதிப்பிட்டது.

உடல் பருமன் இதற்கு முக்கியக் காரணம். ஆயினும், எடை எவ்வளவு என்பதோடு கொழுப்பு எங்கே சேர்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். கழுத்திலும் நாக்கிலும் சேரும் கொழுப்பு மூச்சுப்பாதையைக் குறுக்குகிறது. வயிற்றுக் கொழுப்பு உதரவிதானத்தை மேலே தள்ளி நுரையீரலின் கொள்ளளவைக் குறைக்கிறது.

இந்தியர்களைப் பொறுத்தவரை எடையையும் உயரத்தையும் மட்டும் கணக்கிடும் பி.எம்.ஐ. ஏமாற்றக்கூடும். புணே மருத்துவர் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் யுட்கின் ஆகிய இருவரும் 2004-இல் 'லான்செட்' இதழில் தங்கள் உடலையே சான்றாக வைத்தனர். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3, உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். எனவேதான் இந்தியர்களுக்கு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. எனத் தனி இடுப்புச் சுற்றளவு வரம்பு வகுக்கப்பட்டுள்ளது. தாடை சிறுத்தோ உள்வாங்கியோ இருந்தால் ஒல்லியானவருக்கும் இந்த மூச்சுத்தடை வரும்.

வணிக வாகன ஓட்டுநர் உரிமத்துக்கு மருத்துவச் சான்று ஏற்கெனவே கட்டாயம். பார்வையையும் செவித்திறனையும் சோதிக்கும்போதே ஓர் அளவு நாடாவால் கழுத்தையும் இடுப்பையும் அளந்துவிடலாம். உரக்கக் குறட்டை விடுகிறாரா, பகலில் உட்கார்ந்த இடத்தில் உறங்கிவிடுகிறாரா என்ற இரு கேள்விகளையும் சேர்க்கலாம். சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் வீடு தேடிச் சென்று பார்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் இதை இணைக்க முடியும்.

உரிமம் பறிபோகும் என்ற அச்சம் எழுந்தால் ஓட்டுநர்கள் நோயை மறைப்பார்கள். அந்த அச்சம் நியாயமானதே. ஆகவே, இச்சோதனை தண்டனைக்கு அல்ல, சிகிச்சைக்கு வழிகாட்ட வேண்டும். எடையை 10 சதவீதம் குறைத்தவர்களுக்கு மூச்சுத்தடை சுமார் 26 சதவீதம் குறைந்ததாக அமெரிக்காவின் விஸ்கான்சின் ஆய்வு 2000-இல் கண்டது. கடுமையான பாதிப்புக்கு, முகமூடி வழியே காற்றழுத்தம் தரும் 'சிபாப்' கருவி பெரிதும் பயன்படுகிறது. அன்றாடக் கூலிக்கு வண்டி ஓட்டுபவர் அதை விலைக்கு வாங்குவது எளிதல்ல. அரசு மருத்துவமனைகள் வழியே அதைக் குறைந்த வாடகைக்குத் தர அரசு வழிகாண வேண்டும். ஒரு ஜீப்பின் ஓட்டுநர் கண்ணயர்ந்தால், அதில் பயணிக்கும் தொழிலாளர் அனைவரின் உயிரும் ஆபத்துக்குள்ளாகிறது.