குறியெண் ஏறுகிறது, தறி ஓடுகிறதா?

“ஊரில் வியாபாரம் படுத்துக் கிடக்கிறது, பத்திரிகையைப் பிரித்தால் கெட்ட செய்திதான். பங்கு மார்க்கெட் மாத்திரம் எப்படி ஐயா ஏறுகிறது?” சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் ஊர்களில் அங்கத்தினர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. சிலர் இதை வெறும் சூதாட்டமென்று ஒதுக்குகிறார்கள். வேறு சிலரோ, இத்தனை இடியையும் தாங்கும் மார்க்கெட்டில் நம் சிக்கனப் பணத்தைப் போட்டால் என்ன என்று யோசிக்கிறார்கள். இரு சாராருக்கும் விடை கூற வேண்டியிருக்கிறது.

நாம் அனைவரும் அனுபவித்த ஆண்டையே எடுத்துக்கொள்வோம். 2020 மார்ச் 23ஆம் தேதி, நாடு தழுவிய ஊரடங்கு தொடங்குவதற்குச் சற்று முன்னர், மும்பைப் பங்கு மார்க்கெட்டின் சென்செக்ஸ் குறியெண் ஒரே நாளில் 13 சதவீதம் சரிந்து 25,981இல் நின்றது. பின்னர் தறிகள் ஓய்ந்தன. நெய்த சேலைகள் கிடங்குகளில் தேங்கின. பூக்கள் பறிப்பாரின்றிச் செடியிலேயே வாடின. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான நாட்டின் மொத்த உற்பத்தி, முந்திய ஆண்டின் அதே மாதங்களைக் காட்டிலும் 23.9 சதவீதம் குறைந்துவிட்டதென ஆகஸ்ட் 31ஆம் தேதி மாலை அரசாங்கமே அறிவித்தது. மறுநாள் மார்க்கெட் என்ன செய்தது? 273 புள்ளி ஏறி 38,900இல் முடிந்தது! 2021 ஜனவரி 21ஆம் தேதி 50,000ஐயும் தொட்டது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. மழை பொய்த்த செய்தி அச்சேறுமுன்பே மஞ்சள் வியாபாரி விலையைத் திருத்திவிடுகிறார் என்பதை நம் விவசாயிகள் அறிவார்கள். பங்கு மார்க்கெட்டிலும் அப்படியே. அஞ்சியவர்கள் மார்ச்சிலேயே விற்று வெளியேறிவிட்டனர். ஆகஸ்டில் வந்த அறிவிப்பு, விலையில் முன்பே கழிக்கப்பட்டுவிட்ட பழங்கணக்கு. வாங்குவோர் வரப்போகும் ஆண்டுகளின் இலாபத்தையே எடைபோட்டனர். மேலும், ரிசர்வ் பாங்கி தன் ரெப்போ வட்டியை 5.15 சதவீதத்திலிருந்து மார்ச் 27ஆம் தேதி 4.40 ஆகவும், மே 22ஆம் தேதி 4 ஆகவும் குறைத்தது. வைப்புத்தொகைக்கு வட்டி இறங்கவே, பணம் பங்குகளை நாடியது.

எல்லாவற்றினும் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்தக் குறியெண் முப்பது பெருங் கம்பெனிகளின் கணக்கு. சிறு கடை மூடினால் அதன் வாடிக்கை பெருங் கம்பெனிக்கே போய்ச் சேரக்கூடும். சிறியவனின் நஷ்டம் அங்கே இலாபமாக ஏறும். நம் தறி ஒன்றுகூட அந்த முப்பதில் இல்லை. வேடிக்கை என்னவென்றால், ஆலை உற்பத்தி 39.3 சதவீதம் வீழ்ந்த அந்த மூன்று மாதங்களில் விவசாயம் 3.4 சதவீதம் வளர்ந்தது. அதற்கும் அந்தச் சபையில் நேரடி ஆசனம் கிடையாது.

ஆகவே, இது சூதாட்டம் மட்டுமே என்பது பொருந்தாது. தாங்கி நிற்பது அதன் இயல்பென்று நம்புவதும் பொருந்தாது. 2008 ஜனவரியில் 20,000க்கு மேல் நின்ற சென்செக்ஸ், 2009 மார்ச்சில் 8,160க்கு இறங்கியது. ஜப்பானின் நிக்கி குறியெண் 1989 டிசம்பரில் தொட்ட 38,915ஐ மீண்டும் தாண்டியது 2024 பிப்ரவரியில்தான். இருபது வயதில் தறியில் உட்கார்ந்தவர் அதற்குள் பேரன் எடுத்துவிடுவார்.

பத்தாண்டு தொடத் தேவையில்லாத உபரிப் பணம் உள்ளவர் பங்கு வாங்கட்டும். அது அவர் இஷ்டம். சிக்கனப் பணம் அத்தகையதன்று. மகள் கல்யாணத்திற்கும், வைத்தியச் செலவுக்கும், பாவு கிடைக்காத மாதத்திற்கும் அது கையில் இருக்க வேண்டும். அந்த மார்ச் 23 போன்ற ஒரு நாளில் விற்றே தீரவேண்டியவருக்குப் பின்னால் வரும் ஏற்றத்தால் என்ன பயன்?

இதைவிட எனக்குக் கவலை தருவது மேடைப் பேச்சு. சங்கங்கள் தள்ளுபடி மானியமோ நூல் உதவியோ கேட்கும் வேளையில், சென்செக்ஸைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, நாடு செழித்துவிட்டதென்று வாதிடுகிறார்கள். மறுக்க நம்மிடம் புள்ளிவிவரம் வேண்டாமா? ஒவ்வொரு நெசவாளர் சங்கமும் தன் வாசலில் ஒரு பலகை வைத்து, அம்மாதம் எத்தனை தறிகள் எத்தனை நாள் ஓடின, கூலி எவ்வளவு பட்டுவாடா ஆயிற்று, ஒரு கட்டு நூல் என்ன விலை, விற்காத சரக்கு எவ்வளவு என்று எழுதலாம். விவசாயிகள் சங்கம் ஏலத்திற்கு வந்த மூட்டைகளையும் கிடைத்த விலையையும் எழுதலாம். காரியதரிசிக்கு மாதத்தில் ஒரு பிற்பகல் வேலை. விவரமெல்லாம் ஏற்கெனவே ஏடுகளில் இருக்கிறது.