ஈவன்ஸின் சிமெண்டும் குமாஸ்தாவின் களிமண்ணும்

சில மாதங்களுக்கு முன் நண்பர்கள் நாலைந்து பேர் கூடியிருந்தபோது பேச்சு க்ரீட் தீவின் க்னாஸஸ் பக்கம் திரும்பியது. புதிதாக வந்த ஒரு கவிதைத் தொகுதியில் ‘லாபிரிந்த்’ தலைகாட்டியிருந்ததுதான் காரணம். அங்கிருந்த ஒருவர் – நல்ல கவி, என் மதிப்புக்குரியவர் – சொன்னார்: “அந்த ஓவியங்களைப் பார்த்தால் கவிஞர்கள் ஆண்ட ராஜ்யம் என்றே தோன்றுகிறது. ஆனால் அவர்கள் எழுத்தைப் படித்தபோது என்ன கிடைத்தது? ஆட்டுக் கணக்கு. குமாஸ்தாக் கிறுக்கல். படிக்காமலே விட்டிருக்கலாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ்ஸில் வீடு திரும்பும்போதுதான் சிரித்திருக்கக் கூடாது என்று உறைத்தது. நான் வங்கிக் குமாஸ்தா என்பதற்காக அல்ல. அந்தக் கேலி எனக்குப் பழகிப்போன ஒன்று. நண்பரின் பேச்சில் இரண்டு தவறுகள் இருந்தன. இரண்டும் க்னாஸஸைப் பற்றியவை மட்டுமல்ல. நாம் எதை வாசிப்பு என்கிறோம், எதை விமர்சனம் என்கிறோம் என்பதைப் பற்றியவை.

1

முதலில் ஓவியங்கள். நண்பர் ரசித்தது கி.மு. 1500-ஐயா, கி.பி. 1920-ஐயா என்று அவரைக் கேட்க வேண்டும்.

க்ரீட்டின் வட கரைக்கு அருகே, ஹெராக்லியன் நகருக்கு வெளியே, கெஃபாலா என்ற மேடு. அங்கே கி.மு. 7000 வாக்கிலேயே மனிதர்கள் குடியிருந்திருக்கிறார்கள். கி.மு. 1900 வாக்கில் முதல் அரண்மனை எழுகிறது. 1700 வாக்கில் அது அழிய, அதே இடத்தில் இன்னும் பெரிதாக இரண்டாவது. நடுவில் முற்றம், மேற்கே குறுகி நீண்ட பண்டசாலைகள், அவற்றில் ஆள் உயரத் தாழிகள், கிழக்கே மாடி மாடியாகச் சரிவில் இறங்கும் அறைகள். 1450 வாக்கில் தீவின் மற்ற அரண்மனைகளான ஃபைஸ்டாஸ், மாலியா, ஸாக்ரோஸ் எல்லாம் எரிந்து வீழ்கின்றன. க்னாஸஸ் நிற்கிறது, ஆனால் எஜமானர்கள் மாறிவிட்டார்கள். இப்போது ஆள்பவர்கள் கடலுக்கு அப்பாலிருந்து வந்த, கிரேக்கம் பேசுபவர்கள். பின்னர் அதுவும் எரிகிறது. 1375 வாக்கிலா, அதற்கு வெகுகாலம் கழித்தா என்ற சண்டை ஆய்வாளர்களிடையே ஓய்ந்தபாடில்லை.

1878-ல் இந்த மேட்டை முதலில் தோண்டியவர் மினோஸ் கலோகைரினோஸ் என்ற உள்ளூர் வியாபாரி. தாழிகளைக் கண்டார். துருக்கி ஆட்சிக் காலம். கிடைப்பதெல்லாம் கான்ஸ்டாண்டிநோபிளுக்குப் போய்விடும் என்று உள்ளூர்க்காரர்களே வேலையை நிறுத்தினார்கள். 1898 கலவரத்தில் அவர் வீடும் சேகரிப்பும் எரிந்தன. க்னாஸஸின் கதையை மேடையில் சொல்பவர்கள் இவரை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். அடுத்தவர் ஆர்தர் ஈவன்ஸ். ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் மியூசியத்தின் காப்பாளர், கைக்காசு உள்ளவர். நிலத்தை விலைக்கு வாங்கி 1900 மார்ச் 23-ல் தோண்ட ஆரம்பித்தார். சில வாரங்களுக்குள் எழுத்துப் பொறித்த களிமண் பலகைகள். ஜிப்ஸம் கல்லில் செதுக்கிய ஓர் ஆசனம். ஆசனம் உடனே ‘அரியணை’ ஆயிற்று. அறை ‘அரியணை அறை’. இன்னொன்று ‘ராணியின் மெகரான்’. ‘மினோவன்’ என்ற பெயரையே புராணத்தின் மினோஸ் அரசனிடமிருந்து எடுத்து நிலைநாட்டியவர் அவர்தான். பெயர் வைத்த கையோடு கட்டடம். 1920-களில் இரும்புக் கம்பியும் சிமெண்டும் வந்தன. இன்று க்னாஸஸில் நிற்கும் சிவப்புத் தூண்களும் மேல்மாடங்களும் அந்தச் சிமெண்ட்தான்.

சுவரோவியங்களின் கதை இன்னும் மோசம். கிடைத்தவை கையகலத் துண்டுகள். சுவிட்சர்லாந்தில் பிறந்த எமில் ழில்லியெரோன் என்ற ஓவியரும் அவர் மகனும் அவற்றைப் ‘பூர்த்தி’ செய்தார்கள். ‘லில்லி இளவரசன்’ என்று அஞ்சல் அட்டையில் வருகிறானே, அவனுக்கு உண்டானது ஒரு மகுடத்தின் பகுதி, ஒரு மார்பு, ஒரு காலின் பகுதி. முகம் கிடையாது. மூன்றும் ஒரே உருவத்தைச் சேர்ந்தவையா என்றே ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். மகுடம் ஒரு ஸ்ஃபிங்ஸின் தலையில் இருந்திருக்கலாம் என்பவர்கள் உண்டு. ஈவன்ஸோ மூன்றையும் ஒட்டி அதற்குப் ‘பூசாரி-அரசன்’ என்று பட்டாபிஷேகமும் செய்துவிட்டார். இன்னொரு ஓவியம், குங்குமப்பூ பறிக்கும் நீலச் சிறுவன். மென்மை, இயற்கையோடு இயைந்த வாழ்வு என்றெல்லாம் வியாக்கியானம். பின்னால் நிகோலாஸ் பிளாட்டன் துண்டுகளைத் திரும்பப் பார்த்தபோது தெரிந்தது: சிறுவன் அல்ல, குரங்கு. நீலமாக இருந்ததற்குக் காரணம் அதுதான். அத்தனை பேர் பார்த்தும் நிறம் ஏன் நீலம் என்று கேட்கத் தோன்றவில்லை. மனதில் முன்பே சிறுவன் இருந்தான்.

இந்த அரண்மனையைப் பார்க்கப் போன நாவலாசிரியர் எவ்லின் வா, ஓவியங்களைச் சீர்செய்தவர்களுக்கு ‘வோக்’ பத்திரிகை அட்டைகளின் மேல் கொஞ்சம் மோகம் இருந்திருக்குமோ என்ற பொருளில் கிண்டலாக எழுதினார். அவர் புதைபொருள் ஆய்வாளர் அல்ல; கண் உள்ளவர், அவ்வளவுதான். நம் நண்பர் கண்ட கவிஞர் ராஜ்யம் பெரும்பாலும் இந்த நூற்றாண்டு வயதான வர்ணம்.

போர் அறியாத, பூ நுகரும் மினோவன் மக்கள் என்பதும் இதே பட்டறையில் உருவானதுதான். 1979-ல் க்னாஸஸுக்குத் தெற்கே அனெமோஸ்பிலியா என்ற இடத்தில், பூகம்பத்தில் இடிந்த ஒரு கோயிலுக்குள், மேடை ஒன்றின் மேல் ஓர் இளைஞனின் எலும்புகள் கிடைத்தன. கூடவே வெண்கலக் கத்தி. நரபலி என்றார்கள் தோண்டியவர்கள், மறுப்பவர்களும் உண்டு. க்னாஸஸ் நகருக்குள்ளேயே கத்திக் கீறல் விழுந்த குழந்தை எலும்புகள் கிடைத்தன. இதற்குப் பிறகும் பூ நுகர்ந்துகொண்டிருப்பவர்களைப் பற்றி நான் என்ன சொல்ல!

ஈவன்ஸுக்கு நியாயம் ஒன்று உண்டு. அதை மறைத்தால் நானும் ழில்லியெரோன் ஆகிவிடுவேன். மழையில் ஜிப்ஸம் கரைந்தது. பெரிய மாடிப்படிக்கு முட்டுக்கொடுத்த மரம் உளுத்தது. மேலே இருந்தது சரிந்தது. முட்டுக்கொடுக்காமல் விட்டிருந்தால் அந்தப் படிக்கட்டே இன்று இருந்திருக்காது. எனவே சிமெண்ட் என்பதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. விழப்போவதைத் தாங்குவது ஒரு காரியம். இல்லாததை இருந்ததாகக் காட்டுவது வேறு காரியம். இரண்டையும் ஒரே கலவையில், ஒரே நிறத்தில் செய்து, எது எது என்று பார்ப்பவனுக்குத் தெரியாமல் அடித்ததுதான் குற்றம். 2025-ல் யுனெஸ்கோ க்னாஸஸ் உட்பட ஆறு மினோவன் அரண்மனை மையங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஈவன்ஸின் சிமெண்ட்டும் இப்போது வெடித்து உதிர்கிறது. அதற்கும் பராமரிப்பு நடக்கிறது. வியாக்கியானத்துக்கு வியாக்கியானம்!

2

இனி ஆட்டுக் கணக்கு.

க்னாஸஸில் கிடைத்த பலகைகளில் இரண்டு வகை எழுத்து. லீனியர்-ஏ இன்றுவரை படிக்கப்படவில்லை. லீனியர்-பி-யில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட பலகைகளும் துண்டுகளும். ஈவன்ஸ் 1941-ல் இறந்தார். நாலு பாகத்தில் ‘மினோஸின் அரண்மனை’ எழுதியவர், தன் ஆயுளில் பிரசுரித்தது இந்தப் பலகைகளில் ஒரு சிறு பகுதியைத்தான். மற்றவை 1952-ல்தான் விரிவாக அச்சில் வந்தன. ஓவியத்துக்கு வர்ணம் அடிக்க அவசரப்பட்டவருக்கு எழுத்தைப் பிறர் கண்ணில் காட்ட அவசரமில்லை.

ஒரு பலகையில் குதிரை உருவங்கள். அவற்றில் ஒன்று பிடரி மயிர் இல்லாத குட்டி; அதன் அருகே இரண்டு எழுத்துகள். பக்கத்துத் தீவான சைப்ரஸின் பழைய எழுத்தோடு ஒப்பிட்டால் அவை ‘போ-லோ’. கிரேக்கத்தில் ‘போலோஸ்’ என்றால் குதிரைக்குட்டி. இதை ஈவன்ஸே கவனித்தார், கவனித்துவிட்டு ஒதுக்கிவிட்டார். ஏனென்றால் க்னாஸஸ்காரர்கள் கிரேக்கம் எழுதியிருக்கக் கூடாது. அவர் கட்டிய அரண்மனையில் அதற்கு அறை இல்லை.

ஆலிஸ் கோபர் அமெரிக்காவில் புரூக்ளின் கல்லூரியில் லத்தீனும் கிரேக்கமும் கற்பித்தவர். பகலில் வகுப்பு, இரவில் லீனியர்-பி. யுத்த காலத்தில் காகிதப் பஞ்சம். வாழ்த்து அட்டைகளின் முதுகு, நூலகச் சீட்டு, சர்ச் சுற்றறிக்கை என்று கிடைத்ததையெல்லாம் வெட்டி ஒரு லட்சத்து எண்பதாயிரம் சீட்டுகள் தயாரித்து, சிகரெட் அட்டைப் பெட்டிகளில் அடுக்கினார். எந்த எழுத்து எந்த எழுத்துக்குப் பக்கத்தில், எத்தனை முறை? அவ்வளவுதான் கேள்வி. இது எந்த மொழி என்று ஊகிக்க மறுத்தார். எழுத்துக்கு ஒலி கொடுக்கவும் மறுத்தார். ஆனால் சொற்களின் ஈறு மாறுகிறது, இது வேற்றுமை உருபு ஏற்கும் மொழி என்று அந்தச் சீட்டுகளைக்கொண்டே காட்டினார். 1950-ல், 43 வயதில் இறந்தார். மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற கட்டடக்கலைஞர் அந்த வழியில் மேலே போனார். இது எட்ரூஸ்கனுக்கு உறவான மொழி என்பது அவருடைய பல வருட நம்பிக்கை. க்னாஸஸ், அம்னிஸோஸ், டுலிஸோஸ் என்ற ஊர்ப்பெயர்கள் பலகைகளில் படிபட ஆரம்பித்ததும், கிரேக்கம் தலைகாட்டியதும், நம்பிக்கையைக் கைவிட்டார். 1952 ஜூலை 1-ல் பி.பி.சி. வானொலியில் அறிவித்தார்: மொழி கிரேக்கம். தான் கட்டியதைத் தானே இடிக்கத் தெரிந்திருந்தது அவருக்கு. ஈவன்ஸிடம் இல்லாதது இந்த ஒன்றுதான்.

எங்கள் தொழிலில் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. தொகை வந்துவிட்டது, யாருடையது என்று தெரியவில்லை. அதை அங்கே வைப்போம். ஆடிட்டர் வந்தால் முதலில் அதைத்தான் துருவுவார். நாள்பட்டால் திட்டு விழும். அதற்குப் பயந்து, தோதாக இருக்கிற ஒருவர் பேரில் வரவு வைத்து அன்றைய கணக்கை நேர் செய்தால் அதற்குப் பெயர் வேறு. கோபர் செய்தது முதலாவது. ஈவன்ஸ் செய்தது இரண்டாவது. நமது விமர்சனத்தில் பெரும்பாலும் நடப்பது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வேறு யாரையும் சுட்டாமல் என்னையே சொல்கிறேன். ஒரு கவியின் மூன்று கவிதைகளை வைத்துக்கொண்டு அவரது ‘முழுப் பார்வை’யை எழுப்பி ஒரு கட்டுரை எழுதினேன், பாராட்டும் கிடைத்தது. பிறகு அவருடைய மற்றக் கவிதைகள் வந்தன. என் கட்டுரைக்கு முகம் இல்லை என்று அப்போது தெரிந்தது. முகத்தை வரைந்தது நான்.

3

குமாஸ்தாக் கிறுக்கலில் என்ன இருக்கிறது?

கோடு ஒன்று, படுக்கைக் கோடு பத்து, வட்டம் நூறு, கதிர் முளைத்த வட்டம் ஆயிரம். இந்த நாலு குறியில் க்னாஸஸ் அரண்மனை ஏறத்தாழ ஒரு லட்சம் ஆடுகளை எண்ணியிருக்கிறது. மேய்ப்பன் பெயர், ஊர், எத்தனை கிடா, எத்தனை பெட்டை. பிறகு ‘ஓ’ என்று ஓர் எழுத்து. ‘ஒபெரோ’ என்பதன் சுருக்கம்: பாக்கி, வரவேண்டியது. மூவாயிரத்து நானூறு வருஷங்களுக்கு முன்னால் ஒரு மேய்ப்பனின் பெயருக்கு நேரே விழுந்த அந்த ‘ஓ’வைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கடன் பாக்கியை எழுதுகிறவன் நான். எதிரே நிற்கிறவன் முகம் எனக்குத் தெரியும்.

பெண்களையும் எண்ணியிருக்கிறார்கள். நெசவு வேலைப் பெண்கள் இத்தனை, அவர்களுடைய சிறுமிகள் இத்தனை, சிறுவர்கள் இத்தனை. சுவரில் ழில்லியெரோன் வரைந்து முடித்த சீமாட்டிகளுக்கு இந்தப் பெண்கள்தான் துணி நெய்திருக்க வேண்டும் என்று எழுத என் கை துடிக்கிறது. எழுத மாட்டேன். அது சஸ்பென்ஸில் இருக்கட்டும். பலகை சொல்வது எண்ணிக்கை மட்டுமே. அதுவே போதிய கொடுமை.

குமாஸ்தாவை நான் புனிதனாக்கவில்லை. அவன் அரண்மனையின் கை. கையெழுத்தை ஒப்பிட்டு அறுபதுக்கு மேற்பட்ட எழுத்தர்களைப் பிரித்திருக்கிறார்கள். ஒருவனும் தன் பெயரை எழுதவில்லை. ஆட்டுக் கணக்கில் பெரும்பகுதி எழுதியவனுக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் 117. அவன் பலகைகளைச் சுடவில்லை, வெயிலில் உலர்த்தினான். வருஷக் கணக்கு முடிந்ததும் கரைத்துவிடக்கூடிய மண்தான். அரண்மனையை அழித்த தீதான் அவற்றைச் சுட்டுக் கெட்டியாக்கியது. நிலைத்து நிற்க வேண்டும் என்று கட்டியது எரிந்தது. நிலைக்க வேண்டாம் என்று எழுதியது நின்றது. இதில் நீதி எதுவும் இல்லை, இது தற்செயல். ஆனால் நிலைத்தது பொய் சொல்லவில்லை. அது என்றுமே நமக்காக எழுதப்படவில்லை.

கடைசியாக, மாடு. க்னாஸஸ் என்றாலே நம் கவிதைகளில் காளை வரும். மனித உடம்பும் மாட்டுத் தலையுமாக இருட்டுக்குள் காத்திருக்கும் மினோட்டார். பலகைகளிலும் மாடுகள் உண்டு. உழவு மாடுகள், ‘வேலை செய்பவை’ என்றே குறித்திருக்கிறது. ஆளின் பெயர், ஜோடி மாடு, மாட்டின் பெயர். ஆம், மாட்டின் பெயர். ஒன்று ‘கெலைனோஸ்’, அதாவது கருப்பன். ஒன்று ‘போடார்கோஸ்’, வெள்ளைக்கால். ஒன்று ‘ஐவோலோஸ்’, புள்ளிக்காரன். கணக்குக்கு எண்ணிக்கை போதும். எவனோ ஒருவன் கேட்டிருக்கிறான், “பெயர் என்ன?” மாட்டுக்காரன் சொல்லியிருக்கிறான். ஈரக் களிமண்ணில் எழுதிக்கொண்டான்.

அந்தப் பெயரைக் காதால் கேட்காமல் எழுதியிருக்க முடியாது. ஈவன்ஸின் தூண்களுக்கு நடுவே நின்று கவிதை தேடுபவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதைத்தான். மினோட்டாரை இதுவரை யாரும் பார்த்ததில்லை. கருப்பனை ஒருவன் பார்த்திருக்கிறான்.

நண்பர் மறுபடி அந்தக் கேலியைச் சொன்னால் நான் சிரிக்கப் போவதில்லை.