காலின் குரலைக் கேட்போம்

நடக்கையில் கெண்டைக்கால் இறுகி வலிக்கிறது. சற்று நின்றால் வலி தணிகிறது. முதுமையின் இயல்பு இதுவென்று பெரியோர் பலர் பொறுத்துக்கொள்கின்றனர். அப்பொறுமை ஆபத்தானது. காலுக்குக் குருதி கொண்டுசெல்லும் தமனிகளில் கொழுப்புப் படிந்து வழி குறுகியதன் அறிகுறியாக அவ்வலி இருக்கக்கூடும்.

புறத்தமனி நோய் எனப்படும் இது, 2015ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 23.6 கோடிப் பேரைப் பற்றியிருந்ததென ஆய்வாளர் கணித்தனர். அவர்களுள் பெரும்பாலோர் செல்வ நாட்டினர் அல்லர். நம்மைப் போன்ற வளரும் நாட்டினரே. புகைப்பழக்கமும் நீரிழிவும் இதன் முதன்மைக் காரணிகள்; உயர் இரத்த அழுத்தமும் மிகைக் கொழுப்பும் அவற்றுக்குத் துணை நிற்பன. நோயுற்றோர் பலருக்கு வலியே தோன்றுவதில்லை. முற்றினால் ஆறாப் புண் தோன்றும். காலையே இழக்கவும் நேரும். மாரடைப்பும் பக்கவாதமும் இவர்களை எளிதில் தாக்கும்.

கையில் அளக்கும் இரத்த அழுத்தத்தைக் கணுக்காலிலும் அளந்து ஒப்பிட வேண்டும். கணுக்காலின் அளவு கையின் அளவில் பத்தில் ஒன்பது பங்கோ அதற்குக் குறைவோ ஆயின், நோய் புலப்பட்டுவிடும். இவ்வெளிய சோதனை நீரிழிவாளர் அனைவர்க்கும் வழக்கமாதல் வேண்டும் என்பதே என் கருத்து.

மாணவ நண்பர்களே! புகையை அறவே விலக்குங்கள். இல்லத்து முதியோரின் நடை தளர்ந்தால், "வயதாயிற்று" என்று வாளாவிராது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.